பெயர் தெரியாத பெண் குழந்தை, ஒன்று

அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை அக்கா கைகளால்தான் காட்டுவார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரிப்பார். அது போதாதென்று எழுந்து நின்று ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, இன்னொன்றை முழங்காலுக்குக் கீழே இறக்குவார். "உள்ள நிண்டு பாத்தா பின்னால நிக்கிற பனை, அடியில இருந்து வட்டு வரைக்கும் முழுசாத் தெரியும்" என்பார். கேன்டீனில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது எந்தச் சுவர், எந்த ஊர், எதனால் விழுந்த ஓட்டை என்று ஒருவரும் கேட்டதில்லை. முதல் இரண்டு வருஷம் நானும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல்தான் முதலில் கோபம் வருகிறது. மற்றவர்கள்மேல் வருகிற கோபம் அதற்கு அப்புறம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தண்ணீர் பாட்டில்களுக்கு மூடி செய்கிற ஒரு கம்பெனியில், நாங்கள் இருவரும் ஒரே பெல்ட்டின் இரண்டு பக்கமும் எதிரெதிராக நின்று வேலை செய்தோம். மெஷினிலிருந்து நீல மூடிகள் கொட்டிக்கொண்டே வரும். ஓரம் நசுங்கியதை, வளையம் அறுந்ததைப் பொறுக்கி வெளியே போட வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். கழனிகள் கம்பெனிகளானபோது நான் கம்பெனிக்குப் போனேன். அக்கா முகாமிலிருந்து வந்தார். ஈழத்திலிருந்து படகேறி வந்தவர்களைத் தங்கவைத்த அகதிகள் முகாம் அது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சூப்பர்வைசரிடம் பேசும்போது எங்கள் ஊர்க்காரி மாதிரியே "இன்னா சார்" என்பார். முகாம் ஆள் என்று பேச்சிலேயே தெரிந்துவிட்டால் கேள்விகள் வரும் என்று பயம். என்னிடம் மட்டும் அவருடைய சொந்தப் பேச்சு வரும்.

என் மகளுக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு போட்டுவிட்டு நான் வேலைக்குத் திரும்பிய அன்றுதான் அவர் சொன்னார். "பிள்ளைக்கு எத்தின வயசு?" என்று கேட்டார். "மூணுக்கா" என்றேன். நசுங்கிய மூடி ஒன்றைப் பொறுக்கி வெளியே போட்டார். பிறகு பெல்ட் ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தாமலேயே பேசத் தொடங்கினார். பாதி வார்த்தைகளை உதடுகளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

சண்டை நெருங்கி வந்தபோது அவர் தன் ஊரை விட்டு இரண்டு பிள்ளைகளோடு நடந்திருக்கிறார். கணவர் அதற்கு முன்பே கடலுக்குப் போய் வராமல் போனவர். கடற்கரையோரத்து ஊர் ஒன்றில் பழைய மாதா கோயில் இருந்தது. நூறு வருஷத்துக்கும் மேலான கட்டடம், முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர்கள். கோயிலை அடிக்க மாட்டார்கள் என்று நம்பி நாலைந்து ஊர்ச் சனம் அதற்குள் பாய் விரித்துக் கிடந்தது. அக்கா போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலையில், கைக்குழந்தையாக இருந்த மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்மாவு கரைக்கத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனார். மூன்று வயது மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாயில் இருந்த பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். வாளி கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது ஷெல் விழுந்தது.

தோளில் இரும்புத் துண்டு பாய்ந்து கிடந்தவரையும் மகனையும் யாரோ டிராக்டரில் ஏற்றித் தொலைவில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எழுந்து நடக்க மூன்று வாரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது கோயிலுக்குப் பின்னால் எல்லோரையும் ஒரே குழியில் புதைத்து முடித்திருந்தார்கள். பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பெண்ணும் அதற்குள்ளேதான். அந்தச் சின்னப் பிள்ளை யாருடையது என்று சொல்ல அங்கே ஒருவரும் மிஞ்சவில்லை. அக்கா அந்த ஓட்டைக்கு நேராக ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, மகனோடு கடற்கரைக்கு நடந்தார். சில நாளில் படகு கிடைத்தது.

"ஏன் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகேல்ல எண்டு மட்டும் நீ என்னைக் கேட்டிடாத பிள்ளை" என்றார். நான் கேட்கவில்லை. அவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாத நாள் ஒன்று இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போர் முடிந்து பல வருஷங்கள் கழித்து, முகாமில் ஒருவருடைய போனுக்கு ஒரு படம் வந்தது. அந்தக் கோயிலை இடிக்கவில்லை, பூசவும் இல்லை. அடிபட்ட சுவர்களை அப்படியே வைத்துச் சுற்றிலும் கம்பி வேலி போட்டு நினைவிடமாக்கியிருந்தார்கள். பக்கத்திலேயே புதுக் கோயில் கட்டிவிட்டார்களாம். படத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கல், அதில் வரிவரியாக எழுத்து. பெரிதாக்கினால் எழுத்து கலைந்துபோகிறது. அக்கா அந்தப் படத்தை என் போனுக்கு வாங்கிக் கொடுத்து, "உன்ர போன் புதுசு, இதில தெரியுதோ பார். என்ர பிள்ளையிட பேர் இருக்கோ?" என்று கேட்டார். என் போனிலும் தெரியவில்லை.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர இரண்டு வாரம் அனுமதி கேட்டு அவர் மனு எழுதினார். அந்த மனுவோடு நானும் ஒருமுறை திருவள்ளூர் வரைக்கும் கூடப் போனேன். ஆடி மாதம். பெரியபாளையத்தில் வேப்பிலையும் மஞ்சள் துணியுமாகக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. பஸ் நகரவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா, நேர்ச்சை தீர்க்கப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிற தாய்மார்களையே பார்த்துக்கொண்டு வந்தார். கலெக்டர் அலுவலகத்தில் ஒருவர் மனுவைப் படித்துவிட்டு, உட்காரச் சொல்லாமலேயே பதில் சொன்னார்.

"போவணும்னா போலாம். ஆனா போய்ட்டு வர்றதுன்றது கெடையாது. ஒரேயடியா போறதுன்னா எழுதிக் குடுங்க. முகாம் பதிவுலருந்து பேரை எடுத்துடுவோம். அப்பறம் இங்க வரமுடியாது."

"இவங்க பையன் இங்கதான் சார் இருக்கான். பேரப்புள்ளைங்க இருக்குது" என்றேன்.

"அதனாலதாம்மா சொல்றேன். இருக்கற எடத்துல நிம்மதியா இருக்கச் சொல்லுங்க."

நிம்மதி என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக எடுத்து நீட்டுகிறவர்களை அதற்குப் பிறகு எனக்குப் பிடிப்பதில்லை. அக்கா மனுவை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். அதன்பின் பல வருஷங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கைகளை விரித்துக் காட்டுவதை மட்டும் விடவில்லை.

போன வருஷம் எங்கள் பங்குக் கோயிலில் இருந்து இலங்கைக்கு ஒரு யாத்திரை ஏற்பாடானது. நான் பெயர் கொடுத்தேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து அரை டம்ளர் டீ குடித்துவிட்டு, "ஊர்ல எல்லாரும் உன்ன தெரியும்னு சொல்றாங்க, வேறென்ன" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வாரத்தில் புத்தகம் தபாலில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் காது சூடேறியது. அந்த மண்ணில் எனக்கு ஒருவரும் இல்லை. நான் அங்கே போகலாம், வரலாம், மறுபடியும் போகலாம். மகளை அங்கே புதைத்தவர், அதுவும் தன் கையால் புதைக்கக் கொடுத்துவைக்காதவர், முகாம் வாசலில் மாதா மாதம் வரிசையில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் போன நேரம், கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு நாங்கள் பஸ்ஸில் போன நேரத்தைவிடக் குறைவு.

யாத்திரையின் நாலாம் நாள், என் தொந்தரவு தாங்காமல் ஃபாதர் வேனை அந்த ஊருக்குத் திருப்பச் சொன்னார்.

நினைவிடம் சுத்தமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். புல் வெட்டியிருந்தார்கள், சரளைக்கல் பரப்பிப் பாதை போட்டிருந்தார்கள். அக்கா கைகளால் காட்டிய அந்த ஓட்டையைக் கண்ணாடி போட்டு மூடியிருந்தார்கள். விளிம்புச் செங்கல் ஒன்றுகூட உதிராதபடி சுற்றிலும் இரும்புச் சட்டம். பனையைக் காணவில்லை. அந்த இடத்தில் வண்டிகள் நிறுத்த ஷெட் போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வந்த ஒரு குடும்பம் கண்ணாடிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் முடியைச் சரிசெய்துகொண்டு இரண்டாம் முறை எடுக்கச் சொன்னாள். வாசலில் ஒரு பளிங்குக்கல். கண்ணாடிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் சரளைக்கல்லுக்கும் உதவியவர்களின் பெயர்கள், எந்த நாட்டில் எந்த நகரத்தில் இருக்கிறார்கள் என்பது வரைக்கும், தங்க நிறத்தில் வெட்டியிருந்தார்கள். இறந்தவர்களின் கறுப்புக் கல் உள்ளே மூலையில் இருந்தது. எழுத்தும் அதைவிடச் சின்னது.

விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வயதோடு பெயர்கள். சில வீடுகளில் ஐந்து பேர், ஆறு பேர். கடைசிக்கு முந்தின வரியில் விரல் நின்றது. "பெயர் தெரியாத பெண் குழந்தை, ஒன்று."

ஒன்று. மூடிகளை எண்ணுவதுபோல. அந்த வரி எனக்குச் செய்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் என்று இருந்தது.

நினைவிடத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சாவிக்கொத்து. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் குழந்தைக்குப் பெயர் உண்டு, அதன் தாய் உயிரோடு இருக்கிறார், நான் அவரோடு பதினைந்து வருஷமாக வேலை செய்கிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா கமிட்டி ஒரு விதி வச்சிருக்கு. முந்தி ரெண்டு பேர் வந்து பிழையான பேரைச் சொல்லிப் பெரிய பிரச்சினையாப் போச்சு. இரத்த உறவு நேரில வரவேணும். கிராம அலுவலரிட்ட கடிதமும் சத்தியக் கடதாசியும் வேணும். தாயை வரச் சொல்லுங்கோ. அண்டைக்கே வெட்டித் தாறம்."

"அவங்களால வரமுடியாது. வந்தா திரும்பிப் போவமுடியாது. அவங்க புள்ள, பேரப்புள்ளைங்க எல்லாம் அங்க இருக்குது."

"அதுக்கு நான் என்ன செய்யேலும், பிள்ளை?"

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. திருவள்ளூர் அதிகாரி சொன்னதிலும் விதிப்படி தவறில்லை. அந்தப் பக்கத்து விதியும் சரி, இந்தப் பக்கத்து விதியும் சரி. இரண்டு சரிகளுக்கும் நடுவே ஒரு குழந்தை முப்பது வருஷமாகப் பெயரில்லாமல் கிடக்கிறது. இதில் யாரைப் பிடித்துத் திட்டுவது என்று தெரியாததுதான் என்னைப் பைத்தியமாக அடித்தது.

என் கைப்பையில் எப்போதும் ஒரு மார்க்கர் பேனா இருக்கும். அட்டைப்பெட்டிகளில் ஷிப்ட்டும் நம்பரும் எழுதுகிற கறுப்பு மைப் பேனா. அதோடு பிளாஸ்டிக் டப்பாக்களில் எழுதுகிற வெள்ளை மைப் பேனா ஒன்றும் இருந்தது; கறுப்புக் கல்லில் வெள்ளைதான் தெரியும். பெரியவர் திரும்பியதும் அதை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில், என் கையெழுத்தில் முடிந்தவரை நேராக, "ரெஜினா, வயது 3" என்று எழுதினேன். எழுதி முடித்துப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் பார்த்துவிட்டார்.

சத்தம் போட்டார். ஆட்கள் வந்தார்கள். நினைவிடத்தை அசிங்கப்படுத்திவிட்டேன் என்றார்கள். ஃபாதர் எனக்காக மன்னிப்புக் கேட்டார்; என்னையும் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. ஓர் ஆள் தின்னரும் துணியும் கொண்டுவந்து என் கண் முன்னாலேயே துடைத்தான். ஷெல் போட்ட ஓட்டைக்குக் கண்ணாடி போட்டுப் பாதுகாக்கிறார்கள். செத்த பிள்ளையின் பெயர் அசிங்கமாம். இதை வேனில் ஏறியபிறகு உரக்கவே சொன்னேன். மற்றவர்கள் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் முகாமுக்குப் போய் அக்காவிடம் படத்தைக் காட்டினேன். தின்னரைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் போனேன், சொல்லிவிட்டேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த 'ரெ' இல்லை பிள்ளை" என்றார். "நாங்கள் வல்லின 'றெ' போடுவம். றெஜினா. ஞானஸ்நானப் புத்தகத்தில அப்பிடித்தான் எழுதினவை."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பதினைந்து வருஷம் காதால் கேட்ட பெயர். ஒருநாளும் எப்படி எழுதுவது என்று கேட்டதில்லை. அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ எழுதினதே எனக்குப் போதும். ஆனா அது நான் எழுதவேண்டியது" என்றார்.

அடுத்த மாதம் அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரத்துக்கு அல்ல. ஒரேயடியாக.

மகன் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தான். நான் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். இடுப்பில் இருந்ததால் தப்பித்த அந்தக் கைக்குழந்தை அவன்தான். இங்கேயே வளர்ந்து, இங்கே பெயின்ட் அடிக்கிற வேலை பார்த்து, இங்கேயே கல்யாணம் கட்டியவன். அம்மாவின் பேச்சு அவனிடம் ஒரு சொல்கூட இல்லை.

"நீதான்க்கா அந்த போட்டோவை காட்டி ஏத்தி உட்ட. இப்ப நீயே சொல்லு. செத்துப்போன புள்ளைக்கோசரம் உயிரோட கீற எங்கள உட்டுட்டுப் போறேன்னுது. ஒரே பேஜாரா கீதுக்கா."

அவனோடு போனேன். அக்கா துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மகன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "உன்னை நான் முப்பது வருசமாப் பாத்திட்டன் மோனே. அவளை நான் இடையில விட்டிட்டு வந்தனான்."

அவன் சுவரோரம் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். நான் சமாதானம் சொல்லவில்லை. அவன் கேட்டதும் நியாயம், அவர் சொன்னதும் நியாயம். ஒரு தாயை இந்த இரண்டில் ஒன்றைப் பிடுங்கி எடுக்க வைத்தவர்களுக்குத்தான் நியாயம் தெரியவில்லை.

அக்கா போனார். சில வாரங்கள் கழித்து, நான் தம்பி வீட்டில் இருந்தபோது வீடியோவில் வந்தார். அந்த ஊரில் பிற்பாடு குடியேறிய தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறார். கடிதம் வாங்கினாராம், சத்தியக் கடதாசி கொடுத்தாராம். பெரியவர் சொன்னபடியே செய்தார். அதற்காக அவரைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. அக்கா போனைத் திருப்பிக் கறுப்புக் கல்லைக் காட்டினார். பழைய வரியைச் சுரண்டி மட்டமாக்கி, அதே இடத்தில் வெட்டியிருந்தார்கள். "றெஜினா, 3." வல்லின றெ. அக்கா அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே பேசினார். முகம் தெளிந்திருந்தது, அத்தனை வருஷத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. அதற்குள், கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கப்போகிற பேத்தி போனைப் பிடுங்கி, "ஆயா, என் புதுநன்மைக்கு வந்துடுவ இல்ல?" என்று கேட்டாள். அக்கா விரலை எடுத்துவிட்டார். "படம் அனுப்பு செல்லம்" என்றார். பிறகு லைன் கட்டாகிவிட்டதா, அவரே கட் பண்ணினாரா, எனக்குத் தெரியாது.

போன வாரம் தம்பியிடம் முகாம் அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து சொன்னார், அம்மாவின் அகதி அட்டையை ஒப்படைக்க வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும் என்று. என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கிளார்க் நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார். பதிவேட்டைப் புரட்டி அக்காவின் பெயரைக் கண்டுபிடித்து, அடிமட்டம் வைத்து, சிவப்புப் பேனாவால் ஒரே கோடு இழுத்தார். பக்கத்தில் 'காரணம்' என்றிருந்த கட்டத்தில் 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று எழுதத் தொடங்கினார்.

"சார், விருப்பம்னு எழுதாதீங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "போவச் சொல்லி யாரும் சொல்லலியேம்மா. அவங்களாதான எழுதிக் குடுத்தாங்க. வேற இன்னான்னு எழுதறது?"

"செத்த பொண்ணு பேரை எழுதறதுக்குப் போனாங்க, திரும்பி வர உடலைன்னு எழுதுங்க."

"அதுக்கு இதுல எடம் இல்லம்மா."

எழுதி முடித்தார். பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். தம்பி குனிந்து, அம்மாவின் பெயர்மேல் கை படாமல், முதல் சாட்சியின் இடத்தில் கையெழுத்துப் போட்டான். கிளார்க் பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.